சிலைக்காரர் குடைக்கு ரசீது எங்கே?

பிப்ரவரி 7, சனி

வந்தவர்கள்: கேள்விக்குறி, ஒட்டுவெட்டு, கொட்டாவி, சரிங்காண்ட்டி, நூலகர் (பாதி நேரம்தான், கீழே யாரோ கூப்பிட்டுப் போய்விட்டார்), நான். கடவுளையும் சேர்த்துக்கொள்கிறேன். படி ஏறும்போதே கூப்பிட்டேன், வராமல் இருந்திருக்க மாட்டார்.

பட்டப்பெயர்கள் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்டவை. கேள்விக்குறி என்ற பெண் வாயைத் திறந்தால் கேள்வி. ஒட்டுவெட்டு எதையும் சொந்தமாக எழுதியதில்லை, இணையத்தில் வெட்டி நோட்டில் ஒட்டுவான். கொட்டாவிக்கு விளக்கம் தேவையில்லை. சரிங்காண்ட்டி நான் தும்மினாலும் "சரிங்க ஆன்ட்டி" என்பாள்.

இந்த வேலை எனக்கு எப்படி வந்தது? பள்ளியில் "எங்கள் ஊர்" என்று கட்டுரை கேட்டிருக்கிறார்கள். நாலு பேரும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்த இணையக் களஞ்சியத்தைத் திறந்து, ஒரே பத்தியை, அதே எழுத்துப்பிழையோடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாத்தியார் திருப்பி அனுப்பிவிட்டார். நூலகர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மளிகைக்கடை பில்லுல கூட்டல் தப்பைக் கடையிலேயே நின்னு கண்டுபிடிக்கிறவங்க நீங்க. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாதுன்னு பசங்களுக்குச் சொல்லிக் கொடுங்களேன்."

"நான் பத்தாவது வரைக்கும்தான் சார். மிச்சமெல்லாம் இங்க உக்காந்து படிச்சதுதான்."

"களஞ்சியத்துல எழுதறவங்க எதுவரைக்கும் படிச்சாங்கன்னு யாருக்கும்மா தெரியும்?"

ஒப்புக்கொண்டேன். மாடி அறை, நாலு கணினி. ஒன்றில் சுட்டி இடது பக்கம் போகாது.

முதல் கேள்வி கேட்டேன். களஞ்சியத்தை யார் எழுதுகிறார்கள்?

ஒட்டுவெட்டு: "கம்ப்யூட்டர்."
கொட்டாவி: "கவர்மென்ட்."
சரிங்காண்ட்டி இரண்டுக்கும் தலையாட்டினாள்.

"யார் வேணும்னாலும் எழுதலாம். நீயும் எழுதலாம்" என்றேன் கொட்டாவியைப் பார்த்து. அவனுக்கு வந்துகொண்டிருந்த கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது. "நானா? எங்க வீட்டுல ரிமோட்டையே தொட விடமாட்டாங்க ஆன்ட்டி!"

அப்புறம் எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன். வாக்கியத்தின் முடிவில் தலைக்குமேலே குட்டியாக ஓர் எண் உட்கார்ந்திருக்கும். அது மேற்கோள் எண். கடையில் சாமான் வாங்கினால் ரசீது தருவதுபோல, இந்தச் செய்தியை எங்கே வாங்கினோம் என்பதற்கு ரசீது. எண் இல்லாத வாக்கியத்தைப் பார்த்தால் கேளுங்கள்: ரசீது எங்கே?

நாலு பேரும் கோஷமே போட்டார்கள். "ரசீது எங்கே! ரசீது எங்கே!" கீழே படித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து போய்விட்டாராம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலைப் பிரார்த்தனை முடிக்கவில்லை, நாத்தனார் வந்து நின்றாள். நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்.

"அண்ணா எங்க அண்ணி? எழுப்புங்க. ஊரே திரும்பிப் பாக்கப்போகுது!"

ரவுண்டானாவில் ஒரு சிலை நிற்கிறது. வலது கையைத் தலைக்குமேல் தூக்கி, விரலை மடக்கி எதையோ பிடித்திருப்பதுபோல நிற்கும். கையில் ஒன்றும் கிடையாது. என்றைக்கோ விழுந்துவிட்டது. பீடத்தில் எழுத்தும் தேய்ந்துவிட்டது. ஊரில் எல்லாரும் "சிலைக்காரர்" என்போம். "சிலைக்காரர்கிட்ட லெஃப்டுல திரும்பு" என்று வழி சொல்வதற்குத்தான் அவர் இதுவரை பயன்பட்டிருக்கிறார்.

இப்போது அவருக்குத் திரும்பக் குடை கொடுக்கப்போகிறார்களாம். அவர் கையில் இருந்தது குடை என்று நாத்தனார் எடுத்து வைத்து, நகராட்சிக் குழுவும் ஒப்புக்கொண்டுவிட்டது. இரும்புக்குடை செய்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு. பீடத்தில் புதுப் பலகை வைப்பார்கள். அதன் கடைசி வரியில் "குடை அமைத்தவர்" என்று இவர் பெயர். மார்ச் 8 திறப்பு.

இவர் பாதி ஷேவிங்கில் நின்று கேட்டார். ஒரு கன்னத்தில் நுரை. ஊரில் பாதி வீட்டு கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் இவர் வெல்டிங். எதிலும் பெயர் கிடையாது. யாராவது கேட்டைப் பார்த்து "யார் செஞ்சது?" என்று கேட்பார்களா? கேட் கிறீச்சிட்டால்தான் "எந்த மடையன் செஞ்சான்" என்பார்கள்.

"என் பேரு... முழுப் பேரா, இனிஷியலோடயா?" என்றார்.

"முழுசா அண்ணா."

மீதிக் கன்னத்தை ஷேவ் செய்ய மறந்து பட்டறைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 9, திங்கள்

மூன்று வீட்டிலிருந்து போன். ரசீது வகுப்பைவிட்டு வெளியே போய்விட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

விவரம். ஒட்டுவெட்டு அவன் அப்பாவிடம், "நீங்க படிக்கிறப்போ கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டுன்னு சொல்றீங்களே, ரசீது எங்க?" என்று கேட்டிருக்கிறான். மதிப்பெண் பட்டியல் தொலைந்துவிட்டது என்றாராம். "அப்போ 'சான்று தேவை'ன்னு போட்டுக்கறேன்" என்று சுவரில் காகிதம் ஒட்டிவிட்டான். அப்பா இரண்டு நாளாகப் பேசவில்லை.

கொட்டாவி வீட்டில், அத்தை வயது நாற்பது என்று சொன்னதற்கு ரசீது கேட்டிருக்கிறான். அந்த அம்மாள் எனக்கே போன் செய்தாள். நான் "ம், ம்" போட்டேன். நாற்பது என்பதில் எனக்கும் சந்தேகம் இருந்தது.

சரிங்காண்ட்டிதான் ஆபத்து. அமைதியாக இருந்த பிள்ளை அவள் அம்மாவிடம், "என்னை நீங்கதான் பெத்தீங்கன்னு ஏதாவது மேற்கோள் உண்டா?" என்று கேட்டு, அவர்கள் அழுது, கடைசியில் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டி, இவள் வாங்கிப் பார்த்துவிட்டு "சரிங்கம்மா" என்றிருக்கிறாள்.

மூன்று அம்மாக்களிடமும் மன்னிப்புக் கேட்டேன். ரசீது களஞ்சியத்துக்கு மட்டும்தான், சொந்தக்காரர்களுக்கு இல்லை என்று சனிக்கிழமை முதல் வேலையாகச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

வந்தவர்கள்: அதே நாலு பேர், நான். நூலகர் வரவில்லை, நல்லவேளை.

களஞ்சியத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து ரசீதில்லாத வரிகளைத் தேடினோம். "ஊரில் ஒரு கிளை நூலகம் உள்ளது" என்று ஒரு வரி. எண் இல்லை. மேலே, கீழே பார்த்தோம், இல்லை.

"வெட்டிடலாமா ஆன்ட்டி?" ஒட்டுவெட்டுக்கு வெட்டு என்றாலே கை பரபரக்கும்.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே? நானே வெட்டினேன். 'திருத்து' அழுத்தி, அந்த வரியை அழித்து, சேமித்தேன்.  ஒரு பெரிய வேலை செய்துவிட்ட பெருமை.

நாங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் வரி திரும்ப வந்துவிட்டது! வரலாறு என்ற பகுதியைத் திறந்தால், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று வரிசையாக இருக்கிறது. யாரோ முகம் தெரியாதவர், என் திருத்தத்தைத் திருப்பிவிட்டு ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: "சான்று இல்லை என்பதற்காக உண்மையான செய்தியை நீக்க வேண்டாம். முதலில் சான்று தேடுங்கள். இந்த நூலகம் இருக்கிறது, நகராட்சித் தளத்தில் பட்டியல் உள்ளது." கூடவே ஓர் எண்ணும் சேர்த்துவிட்டார்.

கேள்விக்குறி சுற்றிலும் அலமாரியைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நாம எங்க உக்காந்து இந்த நூலகத்தை அழிச்சோம்?"

கொட்டாவி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் விழித்திருந்ததை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

நேற்றுக் கோபம் வந்தது. யார் அந்த ஆள், எனக்குச் சொல்ல? இன்று பிரார்த்தனையில் உட்கார்ந்தபோது வேறு மாதிரித் தோன்றியது. வழிபாட்டு இடத்தை விடியற்காலையில் யாரோ பெருக்கி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நாம் போகும்போது சுத்தமாக இருக்கும். ஆளைப் பார்த்திருக்க மாட்டோம். இவரும் அப்படி ஓர் ஆள். நான் செருப்புக் காலோடு உள்ளே நடந்திருக்கிறேன்.

பிப்ரவரி 21, சனி

வந்தவர்கள்: நாலு பேர், நான். இன்று நடந்ததைக் கடவுள் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியம்.

ரசீது இருந்தால் போதுமா என்பது இன்றைய பாடம். ரசீது கொடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டாமா? நம் ஊர்ப் பக்கத்திலேயே தேடுவோம் என்றேன். சிலைக்காரர் பத்தி கிடைத்தது. இப்படி இருந்தது:

"ரவுண்டானாவில் உள்ள சிலை, மடக்குக்குடையைக் கண்டுபிடித்த பெரியவரைக் குறிக்கிறது. இவர் அடைமழையில் பிறந்தவர். வாழ்நாளில் ஒருமுறைகூட இவருக்குச் சளி பிடித்ததில்லை. இவரது கையில் இரும்புக்குடை ஒன்று இருந்தது."

கடைசியில் ஓர் எண். அழுத்தினால் உள்ளூர் வாரப் பத்திரிகைச் செய்தி. நம் நாத்தனார் குழுவுக்கு எடுத்து வைத்ததும் இதே தாள்தான். "பாருங்க, ரசீது சரியா இருக்கு" என்றேன். நானே சொன்னேன், இந்த வாயால்.

கேள்விக்குறி விடவில்லை. "பத்திரிகைக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?"

செய்தியை முழுசாகப் படித்தோம். கடைசி வரியில், "தகவல்: இணையக் களஞ்சியம்" என்றிருந்தது.

 சரிங்காண்ட்டி மெதுவாக, "களஞ்சியம் பத்திரிகையைக் காட்டுது. பத்திரிகை களஞ்சியத்தைக் காட்டுது" என்றாள். கொட்டாவி எழுந்து நின்று ஒட்டுவெட்டைக் காட்டினான், ஒட்டுவெட்டு எழுந்து கொட்டாவியைக் காட்டினான். "இவன்தான் சார்!" "இல்ல சார், இவன்தான்!" அறையை ஒரு சுற்று சுற்றி ஓடினார்கள்.

எது முதலில் வந்தது என்று தெரிய வேண்டுமே. வரலாற்றைத் திறந்து பின்னால் போனோம். பத்திரிகைச் செய்தி மூன்று வருஷம் முன்பு. சளி பிடிக்காததை நாலு வருஷம் முன்பு ஒருவர் சேர்த்திருக்கிறார், அடைமழையை வேறொருவர். மடக்குக்குடை இன்னொருவர் கைங்கரியம். எல்லாவற்றுக்கும் அடியில், எட்டு வருஷத்துக்கு முன், ஒரே ஒரு வரி: "இவர் கையில் இரும்புக்குடை இருந்தது." ரசீது இல்லை. எழுதியவர் பெயர் —

நட்டுபோல்ட்டு.

நாலு பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கேள்விக்குறி: "ஆன்ட்டி, அங்கிள் பட்டறை போர்டுல 'நட்டுபோல்ட்டு வெல்டிங்'னுதானே இருக்கு?"

"ஊர்ல எத்தனையோ நட்டு, எத்தனையோ போல்ட்டு" என்றேன்.

"அதுக்கு ரசீது இருக்கா ஆன்ட்டி?"

வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இவர் எங்கள் வீட்டு வைஃபைக்கு வைத்திருக்கிற பெயர் நட்டுபோல்ட்டு. டிவிக்கும் அதே. கேஸ் புக் செய்யவும் அதே. சந்தேகத்துக்கு இடமே இல்லை, கடவுளே.

பிப்ரவரி 24, செவ்வாய்

சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுபோய்க் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். குடை பாதி முடிந்துவிட்டது. என்ன சொல்வது? கம்பிகள் ஒவ்வொன்றும் ஒரே வளைவு. ஓரத்தில் தகட்டைச் சின்னச் சின்ன அலையாக வளைத்திருக்கிறார், காற்றில் துணி படபடப்பதுபோல. வீட்டு கேட்டில் அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

"எப்படி?" என்றார்.

"நல்லா இருக்குங்க." நிஜமாகவே நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம். "ஆமா, இவருக்குக் குடைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மெதுவாக நூல் விட்டுப் பார்த்தேன்.

"என்ன இப்படிக் கேக்கற? களஞ்சியத்துலயே போட்டிருக்கே! பத்திரிகையிலயும் வந்திருக்கு. நீதானே ரசீது பாருன்னு ஊரெல்லாம் சொல்ற? பாத்தேன், ரசீது இருக்கு."

சுத்தமாக மறந்துவிட்டார்! தான் எழுதினதைத் தானே படித்து, தானே நம்பி, தானே செய்துகொண்டிருக்கிறார். தன் சட்டைப்பையிலிருந்து விழுந்த ரூபாயைக் கீழே எடுத்து "இன்னைக்கு அதிர்ஷ்டம்" என்று சந்தோஷப்படுகிற மனுஷன். முன்பு ஒருமுறை அதுவும் நடந்திருக்கிறது.

சொல்லவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 28, சனி

வந்தவர்கள்: நாலு பேர், நான், நூலகர். நூலகர் ஓரமாக உட்கார்ந்து கேட்டார்.

பிள்ளைகள் தயாராக வந்திருந்தார்கள். பட்டறை போர்டைப் படம் எடுத்து வந்திருக்கிறான் கொட்டாவி. கொட்டாவி! காலையில் எழுந்து!

"வீட்டுப்பாடம் மார்ச் ஒன்பதுக்குள்ள குடுக்கணும் ஆன்ட்டி. குடைன்னு எழுதறதா வேண்டாமா?" இது ஒட்டுவெட்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்டி ஒட்டத் தயங்குகிறான், அதுவும் என் வீட்டுக்காரர் விஷயத்தில்.

"நாங்களே அந்த வரியை எடுத்துடவா?" கேள்விக்குறி.

"கொஞ்சம் பொறு. நான் பாத்துக்கறேன்."

"ஏன் பொறுக்கணும்?"

 சரிங்காண்ட்டிதான் காப்பாற்றினாள், இல்லை, இன்னும் ஆழத்தில் தள்ளினாள். "ஆன்ட்டி, கடவுளுக்கு மேற்கோள் எண் உண்டா?"

நூலகர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் யோசித்தேன். "நான் தினம் அவர்கிட்ட பேசறேன். பதில் வந்ததுக்கு ரசீது என்கிட்ட இல்ல. ஆனா அதை உன் வீட்டுப்பாடத்துல எழுதுன்னு உன்னை நான் சொல்லலையே. அது நான் நம்பறது. நம்பறதை நம்பறேன்னு சொல்லலாம். தெரியும்னு போடறப்பதான் ரசீது வேணும்."

"சரிங்க ஆன்ட்டி" என்றாள். பிறகு, "அங்கிள் நம்பறேன்னு போடாம தெரியும்னு போட்டுட்டாரா?"

நூலகர் இருமினார்.

மார்ச் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தைரியம் கொடு என்று கேட்டேன். தைரியம் வரவில்லை. வந்தது இவர்தான், பலகையில் போட வேண்டிய தன் பெயரைத் தாளில் எழுதிக் காட்ட. மூன்று விதமான எழுத்தில் எழுதியிருந்தார். "எது நல்லா இருக்கு?"

"என்னங்க, கொஞ்சம் உக்காருங்க."

கணினியைத் திறந்து வரலாற்றைக் காட்டினேன். விரலை வைத்து வரியைக் காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தார்.

"யாரோ என் பேர்ல எழுதியிருக்காங்க."

"பாஸ்வேர்டு?"

"...நட்டுபோல்ட்டு."

உள்ளே நுழைந்து பார்த்தோம். கதவு உடனே திறந்துகொண்டது.

"அப்போ நான்தான் போட்டிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து முகம் தெளிந்துவிட்டது. "நான் போட்டிருந்தா சரியாத்தான் போட்டிருப்பேன்!"

"உங்களுக்கு யாருங்க சொன்னா?"

"யாரோ சொல்லித்தான்... சலூன்காரர்! அவர்தான் சொன்னார். நாற்பது வருஷமா ரவுண்டானா எதிர்ல கடை வெச்சிருக்கார். அவருக்குத் தெரியாதா? நாளைக்கே போய் ரசீது வாங்கிட்டு வரேன். நீயும் வா."

பெயர் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தூங்கும்போதும் அந்தச் சட்டைதான்.

மார்ச் 2, திங்கள்

சலூன்காரர் கடை ஜன்னலுக்கு நேரே சிலைக்காரர் முதுகைக் காட்டி நிற்கிறார். யாரோ ஒருவர் முகமெல்லாம் சோப்போடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். நாங்கள் பேசி முடிக்கிறவரை அப்படியே கிடந்தார், பாவம்.

இவர் கேட்டார்: "சிலை கையில குடை இருந்துச்சுன்னு எனக்குச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கே சார். நான்தான் சொன்னேன்."

இவர் என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். பார்த்தாயா, என்று.

"உங்களுக்கு யார் சொன்னா?" என்றேன் நான்.

சலூன்காரர் கத்தியைத் துடைத்தார். "சார்தான்."

"நானா?"

"ஆமா சார். அதுக்கு முந்தின தடவை முடி வெட்ட வந்தப்போ நல்ல மழை. ஜன்னல் வழியாப் பாத்துட்டு, 'பாவம், கையைத் தூக்கிட்டு நனையறான் மனுஷன். அந்தக் கையில ஒரு இரும்புக்குடை இருந்திருந்தா எப்படி இருக்கும்'னீங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். சொல்லச் சொல்ல 'இருந்திருந்தா' கொஞ்சம் கொஞ்சமா 'இருந்துச்சு' ஆயிடுச்சு போல. அடுத்த தடவை நீங்க வந்தப்போ உங்ககிட்டயும் சொன்னேன். ஆச்சரியப்பட்டுட்டு வேகமாப் போனீங்க."

சோப்பு முகத்துக்குள்ளிருந்து, "எனக்கும் அப்படித்தான் சொன்னார்" என்று ஒரு குரல் வந்தது.

திரும்பி வரும் வழியில் இவர் ரவுண்டானாவில் நின்று சிலைக்காரரை அண்ணாந்து பார்த்தார். "உனக்கு நல்லதுதானே நினைச்சேன்" என்றார். என்னிடம் சொன்னாரா, அவரிடம் சொன்னாரா தெரியவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

இவர் சாப்பிடவில்லை. வகுப்பை விட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. எழுதி வைக்கிறேன், தோன்றியது என்று.

மார்ச் 5, வியாழன்

நாத்தனார் வந்து குதித்துவிட்டுப் போனாள். "அண்ணி, வகுப்பு எடுக்கறேன் எடுக்கறேன்னு கடைசியில எங்க குடும்பத்துக்கே வகுப்பு எடுத்துட்டீங்க! பலகை செதுக்கி வந்தாச்சு. அழைப்பிதழ் போயாச்சு. அண்ணா என்னடான்னா வந்து நின்னு..."

இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காலையில் நகராட்சிக்குப் போயிருக்கிறார். வேலைச் சட்டையோடு, நெருப்புப்பொறி பட்ட ஓட்டைகளோடு. குழுவின் முன்னால் நின்று, "குடைக்கு ஆதாரம் நான்தாங்க. நான் சும்மா மழையைப் பாத்துச் சொன்னது" என்றிருக்கிறார்.

தலைவர், "அதனால என்ன, பத்திரிகையிலயே வந்தாச்சு. யாருக்குத் தெரியப்போகுது? உங்க பேரும் பலகையில இருக்கே" என்றாராம்.

"நூலக மாடியில நாலு பிள்ளைங்க இருக்குங்க. அதுங்களுக்குத் தெரியும். அதுல ஒண்ணு விடவே விடாது" என்றாராம் இவர்.

இதைச் சொல்லும்போது நாத்தனார் கோபமாகத்தான் ஆரம்பித்தாள். நடுவில் குரல் மாறிவிட்டது. "ஆனா அண்ணி, அண்ணா அப்படி நின்னு பேசி நான் பாத்ததே இல்ல. கல்யாண வீட்டுல மைக் குடுத்தாலே ஓடிடுவாரே."

பிறகு நினைவு வந்து மறுபடி கோபப்பட்டாள். பலகைக்கு என்ன கணக்கு எழுதுவது என்று அவளுக்கு இப்போது தலைவலி. "திருப்பி, பின்பக்கத்துல செதுக்கு" என்றேன். என்னை முறைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய், வாசலில் நின்று, "அந்தப் பக்கம் வழவழப்பா இருக்கும், பரவாயில்ல" என்றாள்.

பட்டறைக்குப் போனேன். முடிந்த குடை சுவரில் சாய்ந்திருந்தது. இவர் அதன் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பேர் போச்சு" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நிழல் இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

திறப்பு நடந்தது. அழைப்பிதழ் போய்விட்டதால் எதையாவது திறக்க வேண்டியிருந்தது. துணியை விலக்கினால் பலகையில்: "இவர் யார் என்று தெரியவில்லை. கையில் என்ன இருந்தது என்றும் தெரியவில்லை. தேடுகிறோம்." கூட்டம் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது. கொட்டாவிதான் முதலில் தட்டினான்.

பின்பக்கத்தில் குடைக்கதை பீடத்தோடு சேர்த்துப் பூசப்பட்டிருக்கிறது. நாத்தனாருக்கும் எனக்கும் சிமெண்ட் பூசியவருக்கும்தான் தெரியும்.

மார்ச் 14, சனி

வந்தவர்கள்: கேள்விக்குறி, ஒட்டுவெட்டு (நோட்டில் ஒரு பக்கம் சொந்தமாக எழுதியிருக்கிறான், பிழைகளும் சொந்தம்), கொட்டாவி, அவன் அத்தை (நாற்பத்தாறு, தானே சொன்னார்), சரிங்காண்ட்டி, நூலகர், சலூன்காரர், நான். கடைசி வரிசையில், இடது பக்கம் போகாத சுட்டியோடு, இவர்.

குடை இப்போது நூலக வாசலில் இருக்கிற பெஞ்சுக்குமேல், ஒரு கம்பத்தில். நூலகர் கேட்டு வாங்கிக்கொண்டார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காருகிறார்கள். கைப்பிடியில் ஒரு சின்னத் தகடு: "இந்தக் குடையைச் செய்தவர்" என்று போட்டு இவர் முழுப் பெயர். அன்று எழுதிக் காட்டிய மூன்று விதத்தில் நடுவில் இருந்ததைத்தான் தேர்ந்தெடுத்தோம். பிள்ளைகள் உள்ளே வருமுன் அதை உற்றுப் பார்த்தார்கள்.

"இது ஓகே. செஞ்சதை நாங்களே பாத்தோம்" என்றான் கொட்டாவி.

"நாம பாத்தோம்னா களஞ்சியத்துல செல்லாது. எங்கயாவது அச்சுல வந்திருக்கணும்" என்றாள் கேள்விக்குறி. இவர் முகம் வாடியதைப் பார்த்து, "ஆனா பெஞ்சுல செல்லும் அங்கிள்" என்று சேர்த்துக்கொண்டாள்.

இன்றைய பாடம் இவருடையது. குடை வரியை அவரே எடுத்தார். கூடவே மடக்குக்குடை, அடைமழை, சளி எல்லாம் போயின. சளி பிடிக்காததை அழிக்கும்போது மட்டும் சலூன்காரர் "அது நல்லா இருந்துச்சு சார்" என்றார். சேமித்தோம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தோம். இந்தத் தடவை யாரும் திருப்பவில்லை. வரலாற்றில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது: "நன்றி." அந்தப் பெருக்குகிற ஆள்தான். அதே பெயர்.

பிறகு, திருத்துகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற உரையாடல் பக்கத்தில் ஒரு செய்தி போட வேண்டும் என்றார். அவர் சொன்னார், நான் தட்டச்சு செய்தேன், நாலு பேரும் திருத்தினார்கள். "மன்னிக்கவும்" என்பதை மூன்று இடத்தில் போடச் சொன்னார், ஒன்றே போதும் என்று இரண்டை ஒட்டுவெட்டு வெட்டினான். அதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்:

"வணக்கம். எட்டு வருஷத்துக்கு முன் இந்தச் சிலையின் கையில் குடை இருந்தது என்று இங்கே எழுதியவன் நான். எனக்குச் சொன்னது சலூன்காரர். அவருக்குச் சொன்னது நான். வேறு ஆதாரம் இல்லை. மன்னிக்கவும். சிலையில் இருப்பவர் யார், கையில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள், எங்கே படித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் ரொம்ப நல்லது. விளக்கோ, கொடியோ, மீனோ, எதுவாக இருந்தாலும் இரும்பில் செய்து தரத் தயாராக இருக்கிறேன். அவர் இன்னமும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறார். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்."